ஆங்கிலத்தில் காம்ப்ளக்ஸ் சென்டென்ஸை எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது?

சொற்களுக்குத் தனித்தனியே பொருள் தெரிந்தும், காம்ப்ளக்ஸ் சென்டென்ஸ் (ஒரு முதன்மை வாக்கியமும் அதைச் சார்ந்த துணை வாக்கியமும் சேர்ந்தது) வரும்போது யார் எதைச் செய்தார் என்பதே குழம்பிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழும் ஆங்கிலமும் வினைச்சொல்லைக் கையாளும் முறை வேறு வேறு என்பதே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

வாக்கியத்தின் நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இந்திய அரசமைப்பின் முகவுரை ஆங்கிலத்தில் 80-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். அதில் சபார்டினேட் கிளாஸ், அதாவது தனக்கென முழு வினை கொண்ட துணை வாக்கியம், ஒன்றுகூட இல்லை. ‘ஐ திங்க் ஹி லெஃப்ட்’ என்ற நான்கு சொற்களோ காம்ப்ளக்ஸ் சென்டென்ஸ்.

தமிழில் எத்தனை செயல்களைக் கோத்தாலும் பொதுவாக ஒரு வினைமுற்றுதான் கடைசியில் நிற்கும். மற்றவை எச்சங்களாக அதற்கு முன்னால் அடங்கிவிடும் (‘என்று’ வரும் இடங்கள் இதற்கு விலக்கு). ஆங்கிலத்தில் ஒவ்வொரு கிளாஸும் தனக்கென ஒரு முழு வினையை, அதாவது காலம் காட்டும் வினையை, வைத்துக்கொள்கிறது. மேலும், நாம் ‘ஆல்’, ‘ஆலும்’, ‘போது’ என்று பின்னால் ஒட்டுவதை அவர்கள் பிகாஸ், தோ, வென் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்: ‘த பிரிட்ஜ் தட் த கவர்ன்மென்ட் பிராமிஸ்டு ஹாஸ் நாட் பீன் ஓபன்டு பிகாஸ் த கான்ட்ராக்டர் ஹூ பில்ட் இட் வாஸ் நாட் பெய்டு.’ இதில் பிராமிஸ்டு, ஹாஸ் நாட் பீன் ஓபன்டு, பில்ட், வாஸ் நாட் பெய்டு என்று முழு வினைகள் நான்கு. தட், பிகாஸ், ஹூ என்று இணைப்புச் சொற்கள் மூன்று. ஒவ்வோர் இணைப்புச் சொல்லும் ஒரு வினையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள, எவருக்கும் கட்டுப்படாமல் மிஞ்சும் ‘ஹாஸ் நாட் பீன் ஓபன்டு’ என்பதே மெயின் கிளாஸின் வினை. தமிழில் சொல்லிப் பார்த்தால், ‘அரசு வாக்களித்த பாலம், அதைக் கட்டிய ஒப்பந்ததாரருக்குப் பணம் தரப்படாததால், இன்னும் திறக்கப்படவில்லை’ என்று அதே வினைதான் முற்றாக வந்து நிற்கிறது.

ஆகவே, இணைப்புச் சொற்கள் முழு வினைகளைவிட ஒன்று குறைவாக இருக்க வேண்டும் என்ற கணக்கு பெரும்பாலும் பொருந்தும். அதைவிடவும் குறைந்தால், எங்கோ ஒரு ‘தட்’ அல்லது ‘ஹூம்’ மறைந்திருக்கிறது என்று பொருள். ‘த மேன் ஐ மெட் இஸ் எ டாக்டர்’ என்பதில் மேன், ஐ என்ற இரு பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றனவே, அந்த இடைவெளியில்தான் அது இருக்கிறது. கணக்கு கூடிப்போனால் பெரும்பாலும் வாக்கியமே பிழை. ‘தோ ஹி வாஸ் இல், பட் ஹி கேம்’ என்று நம்மவர்கள் எழுதுவது இந்த வகைதான். வினை இரண்டு என்றால் தோ, பட் இரண்டில் ஒன்றே போதும்.

எண்ணும்போது ‘டு’ சேர்ந்த வினையையும், துணைவினை இல்லாமல் தனித்து வரும் ‘இங்’ வடிவத்தையும் விட்டுவிடுங்கள். அவை காலம் காட்டுவதில்லை. உண்மையான தொல்லை ‘இடி’யில் (ed) முடியும் சொற்களால் வருகிறது, ஏனெனில் இறந்தகாலமும் பாஸ்ட் பார்ட்டிசிபிளும் (‘செய்யப்பட்ட’ என்பது போன்ற எச்ச வடிவம்) அங்கே ஒரே உருவம். தாமஸ் பெவர் என்ற மொழி உளவியலாளர் 1970-ல் எடுத்துக்காட்டிய ‘த ஹார்ஸ் ரேஸ்டு பாஸ்ட் த பார்ன் ஃபெல்’ என்ற வாக்கியம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களையே தடுமாற வைப்பது. ‘ரேஸ்டு’ என்பதை ‘ஓடியது’ என்று கொண்டால் கடைசியில் வரும் ‘ஃபெல்’ அந்தரத்தில் தொங்கும். ‘ஓட்டப்பட்ட’ என்று பெயரெச்சமாகக் கொண்டால், களஞ்சியத்தைக் கடந்து ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்று பொருள் சரியாக அமையும். செய்தித்தாளில் இப்படியொரு சொல்லுக்குப் பின் ‘பை’ வந்து, முன்னால் வாஸ், வேர் போன்ற துணைவினை எதுவும் இல்லையென்றால், அதைப் பெரும்பாலும் பெயரெச்சமாகவே கொண்டு, முழு வினையை இன்னும் தள்ளித் தேடுங்கள்.