பயாஸில் யூஎஸ்பி தேர்வு இல்லாத கணினியில் டெபியன்

வணக்கம். விண்டோஸ் எக்ஸ்பி உள்ள 2005-ஆம் ஆண்டுக் கணினியில் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவ விரும்புவதாகவும், பயாஸில் (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரலில்) யூஎஸ்பி வழியாகத் தொடங்கும் தேர்வே இல்லை, சிடி டிரைவ் மட்டும் இயங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். டெபியன் நிறுவியைக் கொண்ட பென் டிரைவை மீண்டும் மீண்டும் தயாரிப்பதில் பயனில்லை. குறை அதில் இல்லை, பயாஸில்தான்.

பிளாப் பூட் மேனேஜர் என்னும் சிறு நிரலைச் சிடியில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். அது தன் சொந்த யூஎஸ்பி டிரைவரைக் கொண்டிருப்பதால், பயாஸின் உதவியின்றியே பென் டிரைவைத் தொடங்கிவிடும். மெதுவான பழைய யூஎஸ்பி 1.1 போர்ட்டாக இருந்தால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏறச் சில நிமிடங்கள் ஆகலாம். உறைந்துவிட்டது என்று எண்ணி அணைத்துவிட வேண்டாம். கணினி 32-பிட் எனில் டெபியன் 12-ஐயே எடுங்கள், 13-இல் அதற்கான நிறுவி இல்லை.

அடுத்து, லினக்ஸுக்கு வட்டில் இடம் வேண்டும். ஆனால் எக்ஸ்பியால் தன் பகிர்வை (வட்டில் அதற்கென ஒதுக்கிய பகுதியை) சுருக்க இயலாது. முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து, வட்டுப் பிழைச் சோதனையை முடித்த பிறகு, பகிர்வுகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் நிரலைக் கொண்டு சுருக்குங்கள். எம்பிஆர் என்னும் பழைய பகிர்வு முறையில் அமைந்த வட்டில் நான்கு முதன்மைப் பகிர்வுகளுக்கு மேல் அமையாது என்பதால், லினக்ஸை, பல உட்பகிர்வுகளைக் கொள்ளும் நீட்டிப்புப் பகிர்வுக்குள் வைப்பதே என் விருப்பம். வட்டு பெரியது எனில் இன்னொரு சிக்கலும் உண்டு: சில பழைய பயாஸ்களால் 137 ஜிபிக்கு அப்பால் படிக்க முடியாது, ஆகவே தொடக்கக் கோப்புகள் உள்ள பூட் பகிர்வு அந்த எல்லைக்குள் இருக்கட்டும்.

நிறுவிய பின், எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது எனக் கேட்கும் கிரப் நிரலின் பட்டியலில் எக்ஸ்பி தென்படாவிட்டால் அஞ்ச வேண்டாம். கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் என்னும் துணை நிரல் இயல்பாகவே முடக்கப்பட்டுள்ளது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, பட்டியலைப் புதுப்பித்தால் போதும்.