பாட்டு வீடியோக்காரர்

அன்புள்ள அக்கா,

நெட்ஃப்ளிக்ஸில் 'டு கில் எ மங்கி' தொடர் பார்த்தேன். இயக்கிய கெமி அடெடிபா யார் என்று தேடினால், நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பாட்டு வீடியோக்கள் எடுத்து வந்தவராம். நானும் அதே வேலைதான் செய்கிறேன். 'பாட்டு வீடியோக்காரனுக்குக் கதை சொல்ல வராது' என்று தயாரிப்பாளர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அவர் நியூயார்க் போய்ப் படித்ததால்தான் முடிந்ததா? நானும் எங்காவது போய்ப் படிக்க வேண்டுமா? அவருடைய 'கிங் ஆஃப் பாய்ஸ்' படமும் பார்த்தேன். ரொம்ப நீளம், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் முடித்தேன். நான் எடுத்த பாட்டு ஒன்றின் இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்ததை இனி எனக்கு எழுதாதீர்கள். கோபம் வருகிறது. ஒரு நடிகை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரமும் படத்தில் சேர்த்திதான். அதை விழுங்கிவிட்டு, படம் நீளம் என்று குறை சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ஆனாலும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் படத்தின் நாயகி சில நாட்களாக என் நினைவை விட்டுப் போகவே இல்லை.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கெமி லாகோஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். ஆனால் வானொலியில் பேசப் போனார், அப்புறம் தொலைக்காட்சி, அதன் பிறகுதான் நியூயார்க் ஃபிலிம் அகாடமி. வசதி இருந்தால் நீங்களும் போங்கள், கடன் வாங்கிப் போகாதீர்கள். தயாரிப்பாளர்கள் சொல்வதை விட்டுத் தள்ளுங்கள். புதியவர்களை வாசலோடு அனுப்ப அவர்களிடம் எப்போதும் ஒரு வாசகம் தயாராக இருக்கும்.

பாட்டு வீடியோ என்ன கற்றுத் தருகிறது என்பதைத்தான் நான் பேச வேண்டும். தெரிந்த தம்பி ஒருவர் எடுத்த பாட்டின் படப்பிடிப்புக்கு ஒருமுறை போயிருந்தேன். ஸ்லோ மோஷனுக்காக கேமரா நொடிக்கு வழக்கமான 24 ஃப்ரேமுக்குப் பதிலாக 48 ஃப்ரேம் ஓடியது. அதற்கு ஈடாகப் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டார்கள். சோகப் பாட்டு கீச்சுக் குரலில் பறக்கிறது. பாடகியின் உதடுகள் அந்த வேகத்துக்கு ஓடியாக வேண்டும், கண்கள் மட்டும் கலங்கி நிற்க வேண்டும். அங்கே ஒலிப்பதிவு கிடையாது. பக்கத்தில் ஜெனரேட்டர் அலறினாலும் யாரும் கவலைப்படவில்லை. இயக்குநருக்கு மானிட்டரில் தெரிந்த முகத்தைத் தவிர வேறு ஆதாரமே இல்லை. அந்தப் பெண்ணின் இமை எப்போது தாழ்கிறது என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பயிற்சி வசனப் படங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது.

நைஜீரியாவில் இதற்கு இன்னும் கூடுதல் மதிப்பு உண்டு. 1992இல் 'லிவிங் இன் பாண்டேஜ்' வீடியோ கேசட்டாக வந்து விற்றுத் தீர்ந்தது. அதன் பின்னால் கிளம்பிய நாலிவுட், அதாவது நைஜீரியத் திரையுலகம், குறைந்த செலவில், சில நாட்களுக்குள் படங்களை எடுத்துத் தள்ளியது. கதையை வசனமே சுமந்தது. முகத்துக்கு ஒளி அமைத்துக் காத்திருக்க அங்கே யாருக்கு நேரம்? அந்தப் பொறுமை பாட்டு வீடியோக்களில் வளர்ந்தது. பாடகி டிவை பெல்லோவின் 'எகுண்டாயோ' பாட்டைக் கெமிதான் எடுத்தார், தேடிப் பாருங்கள். 'கிங் விமன்' என்று ஒரு நேர்காணல் தொடரும் செய்தார். பெண்கள் கேமரா முன் உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். வாழ்ந்த முகங்களைப் பார்க்கும் பழக்கம் அங்கேயும் வளர்ந்தது.

2016இல் வந்த அவருடைய முதல் படம் 'தி வெடிங் பார்ட்டி' டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. நைஜீரியப் படங்களில் அதுவரை இல்லாத வசூல். அதில் மணமகளின் அம்மாவாக வருபவர் சோலா சொபோவாலே. ஆடுவார், அலறுவார், அரங்கத்தைச் சிரிக்க வைப்பார். அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்தை வேறொருவர் இயக்கினார். கெமி என்ன செய்தார் தெரியுமா? அந்த சோலாவையே நாயகியாக மனதில் வைத்துக்கொண்டு 2018இல் 'கிங் ஆஃப் பாய்ஸ்' கொண்டுவந்தார். எழுத்தும் அவரே.

ஐம்பதைத் தாண்டிய பெண் தம்பி! ஊருக்குப் பெரிய தொழிலதிபர், உள்ளே லாகோஸ் ரவுடிகளுக்கெல்லாம் தலைவி, அமைச்சர் பதவிக்குக் காத்திருப்பவர். அப்படியொரு கதாபாத்திரத்தை இந்த வயதுப் பெண்ணுக்கு யார் எழுதுகிறார்கள்? கல்யாண வீட்டில் அழவும், மகனுக்குச் சோறு போடவும்தான் கூப்பிடுகிறார்கள். தாதாக்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, 'மக்கனாக்கி' என்ற ரவுடி அவரை எதிர்த்துப் பேசும் காட்சியை மறுபடியும் பாருங்கள், சரியான வேகத்தில். மக்கனாக்கியாக நடித்த ரெமினிஸ் ராப் பாடகர், இன்னொரு தாதா ஒடோக்வு மலேயாக வரும் இல்பிளிஸும் அப்படித்தான். கேமரா முன் நின்று பழகிய முகங்கள் கெமிக்குத் தெரியும், தயங்காமல் கூட்டிவந்துவிட்டார். அந்த ஆண்களுக்கு நடுவே நாயகி எனியோலா சலாமியாக வரும் சோலாவின் முகத்தை மட்டும் கவனியுங்கள். குரல் உயர்வதற்கு முன்பே அங்கே சண்டை தொடங்கிவிடுகிறது. அந்த நடிப்புக்காக சோலாவுக்கு 2019இல் ஆப்பிரிக்க மூவி அகாடமியின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. கதை அதோடு நிற்கவில்லை, 2021இல் நெட்ஃப்ளிக்ஸில் ஏழு பகுதித் தொடராகவும் தொடர்ந்தது. படம் மூன்று மணி நேரத்தைத் தொடுகிறது என்றால், அந்த முகத்துக்குத் தேவைப்பட்ட நேரம் அது. எனக்கு ஒரு நிமிடம்கூட அதிகமாகத் தெரியவில்லை.

என் அம்மாவின் தோழி ஒருவர் நாடக மேடையில் ராணியாக நடித்தவர். அவர் குரல் கடைசி வரிசைக்கும் கேட்கும். நாற்பது வயதுக்கு மேல் ஒரு தொலைக்காட்சித் தொடரில், கதவருகே நின்று தலையாட்டும் மாமியார் வேடம் கொடுத்தார்கள். பல பகுதிகள் வந்தார், வசனமே இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது அவர் திரையைப் பார்க்கமாட்டார், எங்கள் முகங்களைத்தான் பார்ப்பார். அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

இப்போது உங்கள் பாட்டு. ஒளி நன்றாக இருக்கிறது, பனியன் கம்பெனி மாடியில் எடுத்த மாலை நேரக் காட்சிகள் அருமை. திறமை இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இரண்டாவது சரணத்தில், துணி மடித்துக்கொண்டிருக்கும் ஒரு வயதான அம்மாள் திரும்பிக் கேமராவைப் பார்க்கிறார். அவர் எதையோ சொல்ல வருவது போல் இருக்கிறது. நீங்கள் சட்டென்று வெட்டி ட்ரோன் ஷாட்டுக்குப் போய்விட்டீர்கள். ஏன்? திருப்பூரை மேலிருந்து எல்லோரும் எடுத்துவிட்டார்கள். அந்த அம்மாளை யார் எடுத்தார்கள்?

அந்த ஷாட் முழுதாக உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும். பாட்டு இல்லாமல், வெட்டாமல் எனக்கு அனுப்புங்கள். அவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா