கடன் செட்டில்மென்ட் ஒப்பந்தத்திலிருந்து விலக முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். என் மூன்று கிரெடிட் கார்டு கடன்களைக் குறைத்து முடித்துத் தருவதாகத் தொலைபேசியில் அழைத்த வெளி மாநிலக் கடன் செட்டில்மென்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, ஒன்பது மாதங்களாக அவர்கள் சொன்ன கணக்கில் பணம் செலுத்தி வருகிறேன். இதுவரை ஒரு கடனும் முடியவில்லை. விலகுவதாகச் சொன்னால், கட்டணம் போக மீதியைத்தான் தருவோம், ரத்துக் கட்டணமும் உண்டு என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: தாங்கள் விலகலாம்; அதற்கு அவர்களுடைய சம்மதம் தேவையில்லை. தொலைபேசி வழியாகக் கடன் தீர்வுச் சேவை விற்கும் நிறுவனங்களுக்கு, அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையத்தின் தொலைபேசி விற்பனை விதி பொருந்தும். 2010 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, ஒரு கடனாவது பேசி முடிக்கப்பட்டு, அந்த முடிவுக்குத் தாங்கள் ஒப்புதல் அளித்து, அதன்படி கடன் கொடுத்தவருக்குக் குறைந்தது ஒரு தவணையேனும் சென்று சேர்ந்த பிறகுதான் நிறுவனம் அந்தக் கடனுக்கான கட்டணத்தைப் பெற முடியும். ஒரு கடனும் முடியவில்லை என்று தாங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் இங்கே முக்கியமானது. முடிக்காத வேலைக்குக் கட்டணம் இல்லை.

அந்தக் கணக்கில் உள்ள பணமும் அதன் வட்டியும் தங்களுடையவை. எப்போது விலகினாலும் அபராதம் கிடையாது என்றும், விலகுவதாகக் கேட்ட 7 வேலை நாட்களுக்குள், முறைப்படி ஈட்டிய கட்டணம் இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு மீதி முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே, 'ரத்துக் கட்டணம்' ஒப்பந்தத்திலேயே அச்சிடப்பட்டிருந்தாலும் அதற்காகத் தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கணக்கை நடத்தும் இடைநிலை நிறுவனம் பராமரிப்புக்காக மாதந்தோறும் எடுத்த சிறு தொகை வேறு. பணத்தைத் திரும்பக் கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. நேருக்கு நேர் விளக்கிச் செய்த விற்பனைக்கு இந்த விதியில் விலக்கு உண்டு என்பதால், கையெழுத்து வாங்க ஒரு நோட்டரியை வீட்டுக்கு அனுப்பி, அவர் எதையோ வாசித்துவிட்டுப் போனதை 'நேர்முக விளக்கம்' என்று காட்டும் தந்திரத்தைச் சில நிறுவனங்கள் கையாண்டதுண்டு. அப்படி யாரேனும் வந்திருந்தால், அவர் எவ்வளவு நேரம் இருந்தார், தங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னாரா என்பதை நினைவிருக்கும்போதே குறித்து வைத்துக்கொண்டு, தங்கள் மாநில வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

தொலைபேசியில் வாதாடுவதில் பயனில்லை. ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகவும், தங்கள் சார்பில் பேச அளித்த அதிகாரத்தைத் திரும்பப் பெறுவதாகவும், கணக்கில் உள்ள தொகையை அனுப்ப வேண்டும் என்றும் தேதியிட்ட கடிதம் எழுதி, ஒப்புகைச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கும், நகலைக் கணக்கை நடத்துபவருக்கும் அனுப்புங்கள். எந்தக் கடனுக்காவது பேச்சு முடியும் தறுவாயில் இருக்கிறதா என்பதைக் கடிதத்துக்கு முன்பே கேட்டறிவது நல்லது. இலாபமான முடிவை அவசரத்தில் இழக்க வேண்டாம். தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாக எடுக்கப்படுகிறது என்றால், அடுத்த தவணைக்குக் குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன் அதை நிறுத்துமாறு வங்கியிடம் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை 14 நாட்களுக்குள் எழுத்தில் உறுதிசெய்யுமாறு வங்கி கேட்கலாம். பணம் திரும்பாவிட்டால், நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பிடமும் தங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் அளிக்கலாம்.

இவை அனைத்தும் நிறுவனத்துடனான உறவை மட்டுமே முடிக்கும்; கடன்கள் வட்டியோடு அப்படியே நிற்கும். இந்த ஒன்பது மாதங்களில் கார்டு தவணைகளைக் கட்டாமல் இருந்திருந்தால், யாரேனும் ஏற்கெனவே வழக்குத் தொடுத்திருக்கவும் கூடும். நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருந்தால், 'நிறுவனம் பார்த்துக்கொள்ளும்' என்று அவர்கள் சொல்லியிருந்தாலும் அதை நம்பிக் காத்திருக்காமல், அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள் பதில் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். தவறினால் தங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடலாம். கையில் சம்மன் இருக்குமானால், விலகல் கடிதத்துக்கு முன் அதைக் கவனியுங்கள்.