மூன்றரை வயது மகள் ‘க’வை ‘த’ என்கிறாள், ‘ழ’ வரவே இல்லை. திருத்த வேண்டுமா?

திருத்த வேண்டாம். ஆனால் காதைச் சோதித்துவிடுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டக் குழித்துறையில் எங்கள் முற்றத்தில் காக்கா வந்து அமர்ந்தால் என் மகன் “தாத்தா, தாத்தா” என்று கூவுவான். உள்ளேயிருந்து என் அப்பா “என்ன மக்களே?” என்று எழுந்து வருவார். ஒருநாள் நானும் காகத்தைக் காட்டி, “அதோ, தாத்தா” என்றேன். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “தாத்தா இல்லை, தாத்தா!” என்று காலை உதைத்தான். இரண்டு ஒலிகளும் வேறு என்பது அவன் காதுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நாக்குதான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

ப, ம இரண்டுக்கும் உதடு மூடினால் போதும். தாயின் முகத்தைப் பார்த்தே குழந்தை பிடித்துக்கொள்ளும். ‘க’வுக்கு நாக்கின் பின்பகுதி உயர்ந்து அண்ணத்தை அடைக்க வேண்டும், வெளியே எதுவும் தெரியாது. ரகரமும் ழகரமும் நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்கிறது தொல்காப்பியம். அந்த நூலின் அரங்கேற்றத்தைக் கேட்ட ஆசானின் ஊர் பக்கத்து அதங்கோடுதான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அழுத்தாமல் வருடுவது சின்ன நாக்குக்கு எளிதல்ல. என் மகனுக்கு நான்கு வயதுக்குள் ‘காக்கா’ வந்துவிட்டது. ‘குழித்துறை’ மட்டும் ஐந்து வயது தாண்டியும் ‘குலித்துறை’தான்.

அவன் “தாத்தா” என்றால், “ஆமாம், காக்கா வந்திருக்கிறது. காக்காவுக்குச் சோறு வைப்போமா?” என்பேன். சரியான ஒலி அவன் காதில் இரண்டு முறை விழும், அவ்வளவுதான். உறவினர் ஒருவர் விருந்தினர் முன்னால் அவனைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சிரித்தார். அதன்பிறகு பல நாள் வெளியாள் வந்தாலே அவன் வாய் திறக்கவில்லை. நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம்; நாக்கின் தோலில் எந்தத் தடையும் இல்லை.

அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தையென்றால் நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் மங்கலாம். காதில் தெளிவாக விழாத ஒலியை நாக்கு எப்படிப் பழகும்? ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். நான்கு வயதிலும் அவள் பேசுவது அயலாருக்குப் பெரும்பாலும் புரியவில்லையென்றால், பேச்சுப் பயிற்சியாளரிடம் போகத் தயங்காதீர்கள்.