மஞ்சளுக்குத் தேவை கூடினால் விலை கூடுமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். வேளாண் வணிகத்தில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கொடுமுடி பக்கம். மாறிவரும் விவசாயச் சந்தை பற்றி எங்கள் நிறுவனம் போட்ட அறிக்கையில் நானும் வேலை செய்தேன். மாத்திரை, பானம், அழகுசாதனம் என்று மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளான குர்குமினுக்கு உலகம் முழுக்கத் தேவை ஏறிக்கொண்டே போகும் என்பது அதன் முடிவு. அதை நம்பி எங்கள் 3 ஏக்கரிலும் மஞ்சள் போடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "2010லயும் இப்படித்தான் சொன்னாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆய்வு சொல்வதை விவசாயி நம்ப மறுப்பதுதான் நம் பிரச்சினையா?

க.

அன்புள்ள க.,

நான் உங்கள் அப்பா பக்கம். அதற்காக உங்கள் அறிக்கை தப்பு என்று சொல்ல வரவில்லை. தேவை ஏறலாம். ஆனால் அந்த அறிக்கை யாருக்காக எழுதப்பட்டது? குர்குமின் பிரித்தெடுக்கும் ஆலை வைப்பவருக்கும், அதில் பணம் போடுபவருக்கும். சரக்கை வாங்க ஆள் இருக்குமா என்பது அவர்கள் கேள்வி. உங்கள் அப்பாவின் கேள்வி வேறு. இன்றைக்கு ஊன்றினால் பத்து மாதம் கழித்து என்ன விலை, அன்றைக்கு என்னோடு சேர்ந்து எத்தனை பேர் விற்க வருவார்கள்? இதற்கு உங்கள் அறிக்கையில் ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அவர் 2010 என்று சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வருடக் கடைசியில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 16,000 ரூபாயைத் தாண்டியது. கரும்பும் நெல்லும் இருந்த வயல்களில் எல்லாம் மஞ்சள் ஏறியது. இங்கே மட்டுமா, தெலங்கானாவின் நிஜாமாபாத்திலும் மகாராஷ்டிராவின் சாங்லியிலும் அதே கதை. 2012இல் விலை 4,000 ரூபாய் வாக்கில் வந்து விழுந்தது. அந்த இரண்டு வருடத்தில் மஞ்சள் சாப்பிடுவதை யாரும் நிறுத்திவிடவில்லை. தேவை இருந்த இடத்திலேயே இருந்தது, விலை நாலில் ஒரு பங்காகிவிட்டது.

இது பொருளாதாரத்துக்குப் புதிதல்ல. 1928இல் ஜெர்மனியில் ஆர்தர் ஹானாவ் என்பவர் பன்றி விலையை ஆராய்ந்து இதைத்தான் கண்டார். விலை ஏறியதும் எல்லோரும் பன்றிக்குட்டி வளர்க்க இறங்குகிறார்கள், அவை வளர்ந்து ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும்போது விலை சரிகிறது, உடனே எல்லோரும் கைவிடுகிறார்கள், மறுபடி ஏறுகிறது. பின்னால் நிகோலஸ் கால்டர் இதற்குச் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர் வைத்தார். நீங்கள் எம்.பி.ஏ.வில் படித்திருப்பீர்கள். உங்கள் அப்பா அதை வயலில் படித்தவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

மஞ்சளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தக்காளியை இன்றைக்கே விற்றாக வேண்டும், மஞ்சளை வேகவைத்துக் காயவைத்துவிட்டால் வண்டு விழாமல் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் கிடங்கில் வைக்கலாம். விலை விழுந்தபோது விற்காமல் வைத்தவர்களின் சரக்கு, விலை கொஞ்சம் எழுந்ததும் வெளியே வரும். அதனால் இந்த வருட விளைச்சலை மட்டும் கணக்குப் போட்டால் போதாது. கிடங்குகளில் எத்தனை மூட்டை தூங்குகிறது என்பதும் தெரியவேண்டும். மஞ்சளில் நிஜமான சந்தை ஆய்வு என்றால் என்னைக் கேட்டால் அதுதான்.

சரி, அறிக்கை சொல்லும் மாற்றம் உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அது உங்கள் வயலுக்கு வந்து சேருமா? பெருந்துறையிலோ ஈரோட்டிலோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் நடக்கும் நாளில் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வியாபாரி மாதிரியில் இருந்து ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார். ஒடிகிற சத்தத்திலேயே நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். உள்நிறத்தைப் பார்ப்பார், விரல் நீளத்தைப் பார்ப்பார், பாலிஷைத் தடவிப் பார்ப்பார். அப்புறம் சீட்டில் விலையை எழுதிப் போட்டுவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். குர்குமின் எத்தனை சதவீதம் என்பது அந்தச் சீட்டில் ஏறாது. மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 6, 7 சதவீதம் இருக்கிறது. கோழிக்கோட்டு நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரகதி ரகம் 180 நாளில் வந்துவிடும், குர்குமின் 5 சதவீதம். இவற்றைப் போட்டு, நேராக ஆலையோடு ஒப்பந்தம் பேசி, பரிசோதனைச் சீட்டோடு விற்கிறவருக்குத்தான் அந்த உலகத் தேவை காசாகும். அதே சரக்கைச் சாதாரண ஏலத்தில் கொட்டினால் கிடைப்பது ஏல விலை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இது. கிராமத்துக்கு ஆய்வு என்று வருகிற பிள்ளைகள் விவசாயியிடம் எந்தக் கம்பெனி உரம், எந்த மருந்து, எந்த டிராக்டர் என்று கேட்கிறார்கள். அவர் எதை வாங்குவார் என்பதை அத்தனை நுணுக்கமாக அளக்கிறோம். அவர் விளைவித்ததை விற்கப் போகும்போது மட்டும் அவரைத் தனியாக விட்டுவிடுகிறோம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பழைய விலைகளையும் வியாபாரிகளிடம் விசாரித்ததையும் வைத்து, அறுவடைக் காலத்தில் விலை எந்த வரம்புக்குள் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறது. விவசாயியின் பக்கம் நின்று செய்யும் வேலை அது. உங்களைப் போன்றவர்கள் இன்னும் பலர் அதில் இறங்கவேண்டும்.

இந்தச் சாகுபடிப் பருவத்துக்கு நீங்களே ஒரு ஆய்வு செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் விதை மஞ்சள் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ விதை வேண்டும், அதனால் எல்லோரும் மஞ்சளுக்குப் பாய்கிறார்கள் என்றால் அது முதலில் விதை விலையில்தான் தெரியும். ஏல விலையைவிட விதை விலை வேகமாக ஏறினால் உஷாராகிவிடுங்கள். விற்பனைக் கூடத்தில் பழைய மஞ்சள் வரத்து எவ்வளவு, புது மஞ்சள் எவ்வளவு என்று சில வாரங்கள் குறித்து வாருங்கள். பிறகு மகாராஷ்டிராவைப் பாருங்கள். ஹிங்கோலி, நாந்தேடு பக்கம் பரப்பு பெரிதாக வளர்ந்திருக்கிறது. ஆனி, ஆடியில் அங்கே மழை எப்படி என்பதைப் பொறுத்து ஈரோட்டு விலை ஆடும். உங்கள் நிறுவனத்தில் மராத்தி தெரிந்த யாராவது இருப்பார்கள், அங்கே நாலு பேருக்கு போன் போடச் சொல்லுங்கள்.

3 ஏக்கரிலும் வேண்டாம். அப்பா சம்மதித்தால் 1 ஏக்கர் போடுங்கள், அதிலும் ஆலைக்கு விற்கும் எண்ணம் இருந்தால் ரகத்தையும் ஒப்பந்தத்தையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள். எந்த முறையில் குர்குமினை அளப்பார்கள், குறைந்தால் எவ்வளவு பிடிப்பார்கள், பூச்சிமருந்து எச்சம் இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பும் லாரி வாடகை யாருடையது, இவை எழுத்தில் இருக்கவேண்டும். மீதி 2 ஏக்கரில் என்ன என்பதை அப்பாவிடமே விட்டுவிடுங்கள்.