மெத்தோட்ரெக்சேட் எந்தக் கிழமை? பார்மசி ஆசிரியரிடம் சில கேள்விகள்

பார்மசி பிராக்டிஸ் துறையில் பாடம் எடுக்கிறேன். மாணவர்களுக்கு எப்படிக் கற்பித்தால் அது நோயாளிக்குப் போய்ச் சேரும் என்பதுதான் என் ஆராய்ச்சி. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மகள் பார்ம்.டி சேர ஆசைப்படுகிறாள். பி.ஃபார்முக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? (ஒரு தந்தை, திண்டுக்கல்)

பி.ஃபார்ம் 4 ஆண்டு. பார்ம்.டி 6 ஆண்டு. கடைசி ஆண்டு முழுக்க இன்டர்ன்ஷிப். இந்தியாவில் இது 2008இல் வந்த படிப்பு. குறைந்தது 300 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. சேர்ப்பதற்கு முன் அங்கே படிக்கும் சீனியர்களைப் பிடித்து, டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸ் போகிறார்களா என்று கேளுங்கள் ஐயா. கட்டடத்தைவிட அதுதான் முக்கியம்.

மாத்திரை எடுத்துக் கொடுப்பதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது மேடம்? (கல்லூரி மாணவர்)

நிறைய இருக்கிறது தம்பி. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முடக்குவாதத்துக்கு இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல நினைத்துத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். பல நாடுகளில் போயும் இருக்கிறது. கூடவே எழுதித் தரும் ஃபோலிக் ஆசிடும் பல சமயம் அதே போல மஞ்சள் நிறச் சின்ன மாத்திரையாகத்தான் இருக்கும்.

மெத்தோட்ரெக்சேட் உடம்பில் ஃபோலேட் என்ற வைட்டமினை எப்படித் தடுக்கிறது என்று மாணவர்கள் படம் போட்டே விளக்குவார்கள். ஆனால் கவுன்ட்டரில் நின்றால், "வாரம் ஒருநாள், புரிஞ்சுதா?" என்று முடித்துவிடுவார்கள். பாட்டியும் தலையாட்டுவார். "எந்தக் கிழமை போடுவீங்க பாட்டி?" என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். "திங்கக்கிழமை" என்றால் சரி. "காலையில சாப்பிட்டதும்" என்றால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை மாணவருக்குப் பழக்கமாக்குவது எப்படி என்பதைத்தான் நாங்கள் ஆராய்கிறோம்.

அதை எப்படி அளப்பீர்கள்?

ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு முறை உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவர் சகாக்களும் மருத்துவ மாணவர்களுக்காக 1975இல் அறிமுகப்படுத்தியது. நோயாளியாக நடிப்பவர் எல்லா மாணவரிடமும் ஒரே மாதிரி பேசுவார். ஆசிரியர் பட்டியல் வைத்து மதிப்பெண் போடுவார். ஆளும் நேரமும் அதிகம் தேவை. இருந்தாலும் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தெரியாதது இதில் தெரியும்.

புது மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு. யாரிடம் சொல்வது? (இல்லத்தரசி, நாகர்கோவில்)

முதலில் எழுதித் தந்த டாக்டரிடம் சொல்லுங்கள் அம்மா. முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, வாய்க்குள் புண் வந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். அப்புறம், 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பொதுமக்களே புகார் பதியலாம். மருந்தின் பக்கவிளைவுகளைத் திரட்ட 2010இல் இந்திய அரசு தொடங்கிய திட்டம் இது. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண் தேவைப்படும்.

வகுப்புக்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்தேன், மதிப்பெண் கூடியது. கட்டுரையாக்கலாமா? (உதவிப் பேராசிரியர்)

பாடம் முடிந்த கையோடு தேர்வு வைத்தால் யாருக்கும் மதிப்பெண் கூடத்தான் செய்யும். சில வாரம் கழித்து மறுபடி வையுங்கள். வழக்கமான முறையில் படித்த இன்னொரு குழுவோடு ஒப்பிடுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, மாணவர் சம்மதம் இரண்டையும் முன்கூட்டியே வாங்க வேண்டும். மதிப்பெண் போடும் ஆசிரியரே கேட்டால் மாணவரால் மறுக்க முடியாது. வேறொருவரை விட்டுக் கேளுங்கள். அடுத்த பேட்ச் மாணவர்களிடம் இதைச் செய்ய, நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தை இப்போதே எழுதத் தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.