9900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சிட்ட 18650 லித்தியம் பேட்டரியின் உண்மைக் கொள்ளளவை வீட்டிலேயே அளப்பது எப்படி?

அந்த 9900 பொய். அளக்காமலே சொல்லலாம். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் உள்ள இந்த உருளையில், நம்பி வாங்கக்கூடிய நல்ல செல்களே 3500 எம்ஏஎச்சை ஒட்டித்தான் நிற்கின்றன. உங்கள் செல்லில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, தேறும் செல்களைச் சோலார் விளக்குகளுக்குப் பொருத்துவது என் வழக்கம். அளந்து பார்க்காமல் ஒரு செல்லையும் சேர்ப்பதில்லை. வரிசையாக இணைத்தவற்றில் ஒன்று மட்டும் நோஞ்சானாக இருந்தால், மற்றவை அதை அளவுக்கு மீறி வற்றவைத்துவிடும்.

முதலில் சமையலறைத் தராசில் வையுங்கள். நல்ல செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். 30 கிராம்தான் என்றால் மேற்கொண்டு அளக்கவே வேண்டாம். ஆனால் எடை சரியாக இருப்பதை மட்டும் வைத்து நல்ல செல் என்று முடிவுகட்டாதீர்கள்.

மல்டிமீட்டரில் 4.1 வோல்ட் காட்டுகிறதே என்று பலர் திருப்தியடைகிறார்கள். விளிம்புவரை நிறைந்தது சொம்பா அண்டாவா என்பதை வோல்டேஜ் சொல்லாது. இன்னொன்று: மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் நேரடியாக வைக்கவே வைக்காதீர்கள். அது ஷார்ட் சர்க்யூட். கை சுடும், தீயும் பிடிக்கலாம்.

சரியான வழி, முழுதாக ஏற்றி முழுதாக இறக்குவது. 4.2 வோல்ட் வந்து சார்ஜர் தானாக நிற்கும்வரை ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கெப்பாசிட்டி டெஸ்டரில் மாட்டுங்கள். விலை குறைந்த டெஸ்டர் போர்டுகளோடு 7.5 ஓம் ரெசிஸ்டர் வரும். அதன் வழியே சுமார் அரை ஆம்பியர் ஓடும். 3.0 வோல்ட்டில் நிற்கும்படி அமைத்தால், அதுவரை வெளிவந்ததைக் கூட்டிக் காட்டும். 2600 எம்ஏஎச் செல்லுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும். டைல் ஓட்டின்மேல் வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள்.

எந்த அளவையும் எத்தனை ஆம்பியரில், எத்தனை வோல்ட்வரை என்று சேர்த்தே எழுதிவையுங்கள். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஐந்து மணி நேரத்தில் தீரும் வேகத்தில், 2.5 வோல்ட்வரை இறக்கிப் பார்க்கிறார்கள். நீங்கள் 3.0இல் நிறுத்தினால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அது ஏமாற்று அல்ல.

ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லை 1.0 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். இதில் ஹோல்டரின் ஸ்பிரிங்கும் மெல்லிய வயரும் தின்னும் 0.1 வோல்ட்டே பெரிய தொகை. டெஸ்டர் சீக்கிரமே நின்று, நல்ல செல்லையும் மட்டமாகக் காட்டிவிடும். மின்னோட்டத்துக்கு இரண்டு, வோல்டேஜ் பார்க்கத் தனியாக இரண்டு என்று நான்கு வயர் உள்ள டெஸ்டரை நான் விரும்புவது இதனால்தான். ஏற்றும்போது சார்ஜர் காட்டும் எம்ஏஎச்சை இந்த வகையில் நம்ப வேண்டாம். ஒரு பகுதி வெப்பமாகவே போய்விடும். நெடுநாள் கிடந்த செல்லென்றால் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிய பிறகு வரும் அளவை எடுங்கள்.

பவர் பேங்க்கை யுஎஸ்பி மீட்டரால் அளப்பவர்களுக்கு: 10000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட் மணி. 5 வோல்ட்டில் வெளியே எடுத்தால் இழப்பே இல்லாவிட்டாலும் 7400தான். வோல்டேஜை மாற்றும்போது ஏற்படும் இழப்பும் போக 6000க்கு மேல் வந்தால் அந்தப் பவர் பேங்க் சரியாகத்தான் இருக்கிறது.